கொய்னா மருந்தும் குன்றோர ஓடையும்



ரப்பர் மலாயாவுக்கு வந்த கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். ஏற்றுமதி, இருப்புப்பாதை, துறைமுகம் என்று பாடம் வளரும். அந்தப் பால்மரங்களைச் சீவிய கைகள் எத்தனை காய்ச்சலில் ஓய்ந்தன என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை. தோட்டத்தில் பிறந்த என் பாட்டி, காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கொய்னா மருந்தை வாயில் ஊற்றுவார்கள் என்றும், விழுங்கிய பின்னரே வேலைக்கு அனுப்புவார்கள் என்றும் கூறுவார். அக்கசப்பின் வரலாற்றைத் தேடி அறிந்தவற்றை இங்குப் பகிர விழைகிறேன்.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். நான்காண்டுகளுக்குப் பின், 1901இல், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். கிள்ளான் நகரையும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் காய்ச்சல் வாட்டிய ஆண்டு அது. சதுப்பு நீரை வடித்தார்கள், புதர்க்காட்டை அகற்றினார்கள். மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகள் 1901இல் 610 பேர். 1905இல் 23 பேர்.

ஆயினும், குன்றுப்பாங்கான தோட்டங்களில் இவ்வழி பொய்த்தது. காட்டை வெட்டியதும் காய்ச்சல் பெருகியது. தாழ்நிலத்துக் கொசு நிழல் சூழ்ந்த சதுப்பை நாடியது. குன்றுகளில் நோய் பரப்பிய அனோபிலிஸ் மாகுலாட்டஸ் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடையில் முட்டையிட்டது. மரங்களை வெட்டி ஓடைக்கு வெயிலைத் தந்தவர்களே நோய்க்கும் வழி திறந்துவிட்டார்கள். எனவே, மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்தனர். பின்னர், ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் பரவியது.

தோட்ட நிறுவனங்கள் இதற்குச் செலவிட்டது இரக்கத்தால் மட்டுமன்று. லயத்தில் காய்ச்சலோடு கிடப்பவரால் பால்வெட்ட இயலாது. ஆள் குறைந்தால் கடல் கடந்து புது ஆளைக் கொண்டுவர வேண்டும். ஆகவே, தொழிலாளியின் நலம் நிறுவனத்தின் கணக்கேட்டிலும் இடம்பெற்றது. கணக்கு ஒத்துவராத இடங்களில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.

வாட்சன் தம் பட்டறிவை 1911இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் சர் பட்டமும் பெற்றார். அவர் தொண்டு போற்றுதற்குரியது. ஆனால், சேற்றில் நின்று வடிகால் வெட்டியவர், எண்ணெய்க் கலன் சுமந்து ஓடையோரம் நடந்தவர் பெயர் எந்த நூலில் உள்ளது?

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியது. அது விரும்பியபோது தரும் கொடையன்று என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். நாளை அவர்களும் வேலைக்குச் செல்பவர்கள் அல்லரோ?

பெற்றோர்களே, தோட்டத்தில் வாழ்ந்த மூத்தோர் வீட்டில் இருப்பின், பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அவர்கள் கேட்டு வந்ததை வகுப்பில் எழுதச் செய்யுங்கள். பாடநூலில் இல்லாத பெயர்கள் அந்த ஏடுகளிலாவது பதியட்டும்.