நீர்த்தாவரத் தொட்டிகளில் ஐதரசன் பெராக்சைடு: பாசிக் கட்டுப்பாட்டின் வரலாறு

நீர்த்தாவரத் தொட்டி என்பது மீன்களைவிட நீர்வாழ் செடிகளுக்கு முதன்மை அளித்து அமைக்கப்படும் கண்ணாடித் தொட்டி ஆகும். செடிகளுக்குத் தரப்படும் ஒளியும் ஊட்டமும் பாசியையும் வளர்ப்பதால், இத்தொட்டிகளில் பாசி நீங்காத சிக்கலாக உள்ளது. அதைக் கட்டுப்படுத்தும் வழிகளுள் ஒன்று, புண் கழுவுவதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்படும் 3% ஐதரசன் பெராக்சைடு கரைசல்.

தொடக்கம்

பாசிச் சிக்கல் மீன்தொட்டியின் அளவுக்கே பழையது. இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வளர்த்தார். செடி ஆக்சிசன் தர, மீன்கள் நலமாக இருந்தன. ஆனால் அழுகிய இலைகளால் நீர் கலங்கி, கண்ணாடியில் பச்சைப் படலம் படர்ந்தது. குளத்து நத்தைகளை விட்டதும் அவை இரண்டையும் தின்று தீர்த்தன. இச்சமநிலையை அவர் 1850இல் இலண்டன் வேதியியல் கழகத்துக்கு அறிவித்தார்.

பாசியை உயிரினங்களைக் கொண்டே அடக்கும் இம்முறை பின்னரும் தொடர்ந்தது. சப்பானிய நீர்த்தோட்டக் கலைஞர் தகாசி அமானோ (1954–2015) பாசி தின்னும் சிறு இறால்களைப் பயன்படுத்தினார். அவ்வினம் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

மயில்துத்தமும் அதன் குறையும்

1904இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் மூர், கெல்லர்மன் ஆகியோர் குடிநீர்த் தேக்கங்களின் பாசியை அழிக்க மயில்துத்தத்தைப் பரிந்துரைத்தனர். மிகக் குறைந்த அளவிலேயே அது வேலை செய்தது. ஆனால் செம்பு சிதைந்து மறைவதில்லை. பாசி தின்னும் நத்தைக்கும் இறாலுக்கும் அதுவே நஞ்சு. எனவே செடித் தொட்டிக்கு அது ஏற்றதாக இல்லை.

பெராக்சைடு

ஐதரசன் பெராக்சைடை 1818இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ஜாக் தெனார். உயிர்த்திசு பட்டால் அது நீராகவும் ஆக்சிசனாகவும் பிரிவதை அவரே கவனித்தார். அவ்வாறு பிரிக்கும் நொதிக்கு 1900இல் ஆஸ்கர் லோவ் ‘கேட்டலேஸ்’ எனப் பெயரிட்டார். எச்சம் விடாத இப்பண்பே தொட்டி வளர்ப்போரை ஈர்த்தது. மீன் முட்டைகளில் பிடிக்கும் பூஞ்சைக்கு எதிராக இதைப் பயன்படுத்த 2007இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

ஏரியில் கிடைத்த சான்று

2009இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் மத்தேய்ஸ் குழுவினர், நெதர்லாந்தின் கூட்ஸ்ஹௌஸ் ஏரி முழுவதிலும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பெராக்சைடைக் கலந்தனர். நச்சு நீலப்பச்சைப்பாசி சில நாட்களில் ஏறத்தாழ 99% குறைந்தது. பிற நுண்பாசிகளும் சிற்றுயிர்களும் பெரும்பாலும் தப்பின. பெராக்சைடைச் சமாளிக்கும் நொதிகள் பச்சைப்பாசிகளில் வலுவாகவும், நீலப்பச்சைப்பாசிகளில் குறைவாகவும் இருப்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இம்முடிவுகள் 2012இல் வெளியாயின.

அளவும் எல்லையும்

3% கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 30 மில்லிகிராம் பெராக்சைடு உண்டு. ஏரியில் பயன்பட்ட அளவு, 100 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 7 மில்லிலிட்டருக்கு ஈடாகும். ஆனால் இவ்வளவு சிறிய அளவு நீலப்பச்சைப்பாசிக்கே பொருந்தும். இலை ஓரங்களில் கருந்தூரிகைபோல் வளர்வது உண்மையில் ஒரு சிவப்புப்பாசி. அதற்குக் கூடுதல் செறிவு வேண்டும். அச்செறிவை நீர் முழுவதும் கலந்தால் பாசங்களும் இறால்களும் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்களும் கெடக்கூடும். எனவே வடிகட்டியை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசியின் மேல் மட்டும் கரைசலைச் செலுத்தி, சில நிமிடங்களுக்குப் பின் நீரோட்டத்தைத் திரும்பத் தொடங்குவது வழக்கம். இறந்த பாசி இளஞ்சிவப்பாக மாறும்.

இம்முறை பாசியை அழிக்குமேயன்றி, அது வளர்ந்த காரணத்தை நீக்காது. மிகை ஒளி, அழுகும் இலை, தேங்கும் தீனி ஆகியவை தொடர்ந்தால் பாசி மீண்டும் வரும். வாரிங்டன் தேடிய சமநிலைக்கு இது துணையே தவிர, மாற்று அன்று.