உளியும் உள்ளமும்

கல்லிலே உருவம் காண்பவனைச் சிற்பி என்று போற்றுகிறோம். மரத்திலே கட்டிலும் கதவும் செய்பவனை ஆசாரி என்று அழைத்துக் கூலி கொடுத்து அனுப்புகிறோம். முன்னவனுக்கு மாலை, பின்னவனுக்கு நாட்கூலி. இந்த வேற்றுமை நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்ததன்று. கொல்லர், தச்சர், கன்னார், கல்தச்சர், தட்டார் ஆகிய ஐவரையும் ஒரே பெயரால் கம்மாளர் என வழங்கியது தமிழ் மரபு. இரும்பு, மரம், வெண்கலம், கல், பொன் என்று பொருள் வேறுபட்டாலும் கைத்திறன் ஒன்றே என்பது அதன் கருத்து.

கோயில் தேரை எண்ணிப் பாருங்கள். அச்சும் சக்கரமும் தச்சனுடைய கணக்கு; பட்டையும் ஆணியும் கொல்லனுடைய உழைப்பு; அடித்தட்டைச் சுற்றிலும் வரிசை வரிசையாக நிற்கும் மரச் சிற்பங்கள் கலைஞனுடைய கனவு. அவற்றுள் எது தொழில், எது கலை என்று பிரித்துக் காட்ட யாராலும் இயலாது. சுவாமி எழுந்தருளும் வாகனமும் அத்தகையதே. மரத்தில் தச்சன் செதுக்கிய குதிரைக்கும் அன்னத்திற்கும் தட்டான் வெள்ளித் தகடு போர்த்துகிறான். இருக்கை, ஊர்தி, சிற்பம் என்னும் மூன்றும் ஒரே பொருளில் அடங்கிவிடுகின்றன.

மணிமேகலைக் காப்பியத்தில், சோழ மன்னன் வீற்றிருந்த மண்டபத்தைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழில் வல்லார், தமிழகக் கைவினைஞரோடு கூடி அதனை அமைத்தனர் என்று சாத்தனார் கூறுகிறார். ஒரு மன்னனின் மண்டபத்தைப் பாட வந்த புலவர், அதனைச் செய்த கைகளையும் பாடினார். அந்த உள்ளம்தான் பிற்காலத்தில் நம்மிடம் குன்றிவிட்டது.

பிரிவு நேர்ந்த கதை

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆலைப் பொருள்கள் வந்து குவிந்தன, கைத்தொழில்கள் நலிந்தன. அந்நிலையில், அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஓவியத்தோடு மண்பாண்டமும் மரவேலையும் உலோக வேலையும் அங்கே பயிற்றப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய சிஸம், பின்னர் இந்தியக் கலைகளின் பெருமையை உலகறியச் செய்த ஹாவெல் போன்றோர் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தனர்.

அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர், 1898-ஆம் ஆண்டில் அங்கே ஒரு புதுமையைப் புகுத்தினார். செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய தொழிலாளரின் கைத்திறனை அலுமினியத்தில் பயன்படுத்தினார். நம் வீட்டு அடுக்களைகளில் இன்றும் ஒலிக்கும் அலுமினியப் பாத்திரத் தொழில் இவ்வாறு ஒரு கலைப் பள்ளியின் பட்டறையில் வேரூன்றியது என்பது பலர் அறியாத செய்தி. இதே சாட்டர்டன் 1912-இல் மைசூர் அரசின் தொழில் துறை இயக்குநராக வந்து, விசுவேசுவரய்யா திவானாக விளங்கிய காலத்தில் பணியாற்றினார். 1916-இல் பெங்களூருவில் சந்தன எண்ணெய் வடிக்கும் ஆலை தோன்றியதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆகவே, சென்னைப் பள்ளியின் வரலாற்றில் நாம் வாழும் இந்நகரின் வரலாறும் ஓர் இழையாகக் கலந்திருக்கிறது.

ஆயினும் அலுமினியம் பிழைப்பைத் தந்ததே அன்றி, அழகைத் தரவில்லை. பாத்திரம் பெருகியது, கலை ஒதுங்கியது. பின்னர் காற்று எதிர்ப்புறம் வீசியது. 1929-இல் முதல் இந்தியத் தலைவராகத் தேவி பிரசாத் ராய் சவுதுரி பொறுப்பேற்றார். மெரினாக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரின் உருவில் உழைப்பின் வெற்றியை வெண்கலத்தில் நிறுத்திய பெருங்கலைஞர் அவர். ஓவியமும் சிற்பமும் அவர் காலத்தில் ஓங்கின. ஆனால், பயின்று வெளிவந்த இளைஞருக்கோ வயிற்றுக்கு வழி இல்லை. முன்பு பிழைப்பு இருந்தது, அழகு இல்லை. இப்போது அழகு இருந்தது, பிழைப்பு இல்லை.

சோழமண்டலம் காட்டிய வழி

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் கே. சி. எஸ். பணிக்கர். 1957 முதல் 1967 வரை பள்ளியின் முதல்வராக இருந்த அவர், சிற்பி தனபால் போன்ற ஆசிரியர்களின் துணையோடு, ஓவிய மாணவரும் சிற்ப மாணவரும் கைத்தொழில் ஒன்றைக் கற்க ஊக்கம் அளித்தார். துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக், உலோக வேலை, சுடுமண் வேலை முதலியன அவர்களுக்குச் சோறு போட்டன. அவ்வாறு ஈட்டிய பணத்தைத் திரட்டி, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-இல் அங்கே பிறந்ததுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். மன்னரின் மானியமின்றி, செல்வரின் கொடையை நம்பாமல், கைத்தொழிலை முதலாக வைத்துக் கலைஞர் தமக்கென்று ஓர் ஊரையே அமைத்துக்கொண்டனர்.

தொழில் அவர்களுக்குச் சோறு மட்டுமா போட்டது? அவர்களது கலையையே மாற்றிற்று. பி. வி. ஜானகிராம் என்னும் சிற்பியை எடுத்துக்கொள்வோம். கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்தை நாம் கண்டிருக்கிறோம். தகட்டைப் பின்புறமிருந்து தட்டித் தட்டி முகமும் மார்பும் எழுப்புவது அத்தொழிலின் நுட்பம். ஜானகிராம் அந்த நுட்பத்தைக் கைக்கொண்டு, செப்புத் தகட்டையே சிற்பமாக்கினார். கல்லுக்குப் போர்வையாக இருந்த தகடு தன் காலில் நின்றது. மேனாட்டுச் சிற்பிகளைப் பார்த்து எழுதிய நகல் அன்று அது. தட்டானுடைய சுத்தியலிலிருந்து பிறந்த புதுமை.

பணிக்கரின் மகனும் பெங்களூருவில் பிறந்தவருமான நந்தகோபால், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து அதே நெறியை மேலும் வளர்த்தார். சென்னையில் சிற்பம் பயின்று பெங்களூருவில் குடியேறிய பாலன் நம்பியார், கேரளத்துச் சடங்குக் கலைகளின் வடிவங்களைத் துருப்பிடிக்காத எஃகில் பெரும் சிற்பங்களாக எழுப்பினார். உலோகத்தின்மேல் எனாமல் உருக்கும் தொழிலையும் கலையாக்கினார். ஆலைகளின் நகரம் என்று பெயர் பெற்ற ஊரில், ஆலையின் எஃகே சிற்பமானது பொருத்தமன்றோ?

மரத்தின் கதை

மரத்திலும் இத்தகைய கூட்டுறவு நிகழ்ந்திருக்கிறது. 1937-இல் ஜார்ஜ் நகாஷிமா என்னும் ஜப்பானிய அமெரிக்கர் புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்திற்காக அந்தோனின் ரேமண்ட் வகுத்த கோல்கொண்டா விடுதியின் கட்டட வேலையை மேற்பார்த்த அவர், அதற்குரிய மரச்சாமான்களையும் தேக்கில் வடிவமைத்தார். மிகையான செதுக்கு வேலை இல்லை. மரத்தின் ரேகையும் இணைப்பின் நேர்த்தியுமே அவற்றின் அழகு. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மரவினைஞராக அவர் விளங்கியபோதும், தம்மைத் தச்சன் என்று சொல்லிக்கொள்ள அவர் நாணியதில்லை.

கன்னட நாட்டின் பெருமை இன்னொரு வகையானது. மைசூர் அரண்மனை 1897-இல் தீக்கிரையானபின், சென்னை அரசின் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வகுத்தபடி புதிய மாளிகை எழுந்து 1912-இல் நிறைவெய்தியது. அதன் கதவுகளில் தோதகத்தி மரத்தில் தந்தம் இழைத்த வேலைப்பாட்டைக் கண்டு வியவாதார் இல்லை. மரத்தில் கோடு வரைந்து, நூலளவு குடைந்து, தந்தத் துண்டைப் பதித்து, இரண்டும் ஒரே பரப்பாகும்வரை இழைப்பது அத்தொழில். தந்தத்திற்குத் தடை வந்தபோது தொழில் மாய்ந்துவிடவில்லை. பல நிற மரத் துண்டுகளையே பதித்து யானையையும் சோலையையும் தீட்டினர். மேசையும் நாற்காலியும் அவர்கள் கையில் ஓவியங்களாயின.

நம் கண்முன் நிற்கும் சான்று

நம் பிள்ளைகளுக்கு நாம் விரலால் சுட்டிக் காட்டக்கூடிய சான்று விதான சௌதா. கெங்கல் அனுமந்தய்யா முதலமைச்சராக இருந்த காலத்தில், மாணிக்கம் என்னும் தலைமைக் கட்டடக் கலைஞரின் பொறுப்பில் 1956-இல் நிறைவுற்ற அக்கட்டடத்தில் ஏறத்தாழ 5,000 பேர் உழைத்தனர். அவர்களுடன் கல்லும் மரமும் செதுக்குவோர் சுமார் 1,500 பேர் இருந்தனர் என்பர். சிறைவாசிகளும் அங்கே கல் சுமந்தனர். அமைச்சரவைக் கூடத்தின் சந்தனக் கதவு இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கிறது. முதலமைச்சரின் பெயரை அறிவோம். கட்டடக் கலைஞரின் பெயரை அறிவோம். தூணில் பூவைச் செதுக்கியவனின் பெயர் என்ன? கல்வெட்டில் இல்லை, பாடநூலிலும் இல்லை.

இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. கையும் கலையும் இணைய முடியும் என்பதைச் சென்னையும் சோழமண்டலமும் மெய்ப்பித்துவிட்டன. இணையாமல் நிற்பது மதிப்பு ஒன்றே. தகட்டுச் சிற்பத்தில் கையெழுத்திட்ட கலைஞனை அறிவோம்; கவசம் தட்டிய பரம்பரைத் தொழிலாளியை அறியோம். அவனுடைய மகன் தந்தையின் தொழிலை விட்டு வேறு வேலை தேடுகிறான் என்றால், குறை அவனிடம் இல்லை. கூலியைக் குறைத்து, பெயரையும் மறைத்த நம்மிடமே உள்ளது.

காலனிகளில் வாழும் நாம் பெரும்பாலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் குடும்பத்தார். நம் வீட்டுப் பிள்ளை வரையத் துடித்தால் தடுக்காதீர்கள். உளியைக் கையில் எடுத்தால் நகையாடாதீர்கள். வீட்டிற்கு ஊஞ்சலோ, கதவோ, பூசை மாடமோ செய்ய ஆசாரி வந்தால், அவர் பெயரைக் கேட்டு, அதன் அடிப்புறத்தில் பொறிக்கச் சொல்லுங்கள். செலவில்லாத செயல், ஆனால் ஒரு தலைமுறையின் தலையை நிமிர்த்தும் செயல்.

பல நாட்டார் தமிழ்க் கைவினைஞரோடு கூடி மண்டபம் எழுப்பியதைச் சாத்தனார் பாடினார். பல மொழியாளர் கூடி வாழும் இம்மாநகரில் நாமும் கன்னடத் தச்சரோடும் மைசூர் இழைப்பு வினைஞரோடும் அத்தகைய கூட்டுறவை வளர்ப்போமாக. உளியை மதிக்கும் உள்ளம் வளருமாயின், கலையும் வளரும். அதனைச் செய்யும் கையும் வாழும்.