மேற்றிராணியார்

தாராவித் தமிழ்க் கத்தோலிக்க முதியோர் சிலர் நாவில் ஆயருக்குப் பெயராய் இன்னும் நிற்கும் மேற்றிராணியார் என்னுஞ் சொல்லை மேல் + திராணி எனப் பிரித்து, 'மேலான வல்லமை வாய்ந்தவர்' என்று உரை விரிப்பாரைக் காணுந்தோறும் மனம் பொறுப்பதில்லை. கல் + தூண் கற்றூண் ஆவது போலவே இதுவும் நன்னூல் விதிக்கு இணங்குகிறது என்பது மெய்யே. ஆயினும் புணர்ச்சி இணங்கிய மாத்திரத்தில் சரித்திரமும் இணங்கிவிடாது.

தாய் எனவும் நகர் எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் கூடிப் பிறந்தது மெத்ரொபொலித்தேஸ். தலைமை நகரிலிருந்து சுற்றுமுள்ள மறைமாவட்டங்களுக்குத் தலைமை தாங்கும் பேராயர் என்பது அதன் பொருள். அதுவே சுரியானி மரபினரான மலையாளக் கிறிஸ்தவரிடம் மெத்ரான் எனக் குறுகி, நம்மவர் வாயில் றகர இரட்டிப்பும் மரியாதை விகுதியும் பெற்றது.

இனி, அப்பதவிக்கே வழங்கும் ஆயர் என்பதை ஆய்தலினின்று வருவித்து, வழக்கை ஆய்பவரே ஆயர் எனச் சாதிப்போர், பம்பாயின் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் திருச்சபை நீதிபதியாக இருந்ததைச் சான்று காட்டுவர். பொருந்தாது. ஆவினின்று பிறந்த ஆயரை முல்லைத்திணை மாக்களாகத் தொல்காப்பியர் அன்றே வைத்துவிட்டார். மேய்ப்பர் என்னும் விவிலியக் கருத்துக்கு இசைந்ததனால் திருச்சபை அதனை ஏற்றது.

ஆனால் கிரேசியஸின் வாழ்க்கை, அவ்வாறு சாதிப்போர் கருதாத வேறொன்றுக்குச் சான்றாகிறது. 1944 டிசம்பர் 24-இல் பம்பாயில் ஜனித்து, 1970-இல் குருப்பட்டம் பெற்ற அவர், 1982 முதல் 1986 வரை உரோமையின் உர்பானியானாப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1983-இல் புதிய சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்த காலம் அது. திரும்பியபின் பேராயரகச் செயலர், நீதிபதி, நீதித்துறைப் பதிலாள் எனப் பதவிகள் வகித்தார். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஆலயத்தில் நிகழ்ந்த ஒரு விவாகம் ஆதியிலேயே செல்லாதது என்று வழக்கு வருமாயின், மணநாளன்று இருவர் சம்மதமும் மெய்யாக இருந்ததா என்பதையே பெரும்பாலும் நீதிபதிகள் பரிசீலிப்பர். மணப்பிணைப்பைக் காப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட ஒருவர், செல்லாதென்பதற்கு எதிராக எடுத்துரைக்கத் தக்கவற்றையெல்லாம் எடுத்துரைப்பார். தீர்ப்பளிக்கும் அதிகாரம் எவருடையது? மறைமாவட்டத்தின் முதல்நிலை நீதிபதி ஆயரே என்றும், அவர் தாமாகவேனும் பிறர்வாயிலாகவேனும் நீதி செலுத்தலாம் என்றும் அப்புதிய தொகுப்பின் 1419-ஆம் சட்டம் விதிக்கிறது. நம் பண்டை அறங்கூறவையத்தினும் அரசன் அதிகாரத்தைச் சான்றோர் தாங்கிநின்றனர் அல்லரோ!

கிரேசியஸ் நீதிபதியாய் அமர்ந்த மன்றத்துக்குப் பெயரும் மெத்ரொபொலித்தன் தீர்ப்பாயம். 1886-இல் உயர்மறைமாவட்டமான பம்பாயின்கீழ் இன்று புனே, நாசிக், வசாய் அடங்குகின்றன. 1997-இல் துணை ஆயராகி, 2000-இல் ஆக்ரா சென்று, 2006-இல் பம்பாய்ப் பேராயராகத் திரும்பியபோது, முன்னர்ப் பிறர் அதிகாரத்தைத் தாங்கித் தீர்ப்பளித்த மன்றத்துக்குத் தாமே மெத்ரொபொலித்தர் ஆனார். 2025-இல் ஓய்வு பெறும்வரை அவ்வாறே இருந்தார். எல்லா ஆயரையும் தமிழர் தாராளமாக மேற்றிராணியார் என்றனர். இவருக்கோ அச்சொல் தன் கிரேக்கப் பொருள் சிறிதுங் குறையாமல் பொருந்திற்று. அது மலைத்தொடர் கடந்து மேற்கிலிருந்து வந்த சொல்லே. திராணிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது என் துணிபு.