ஒரே கணக்கு, இரண்டு பட்டம்!

தமிழில் ஒரு வேடிக்கை... கவனித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா நடத்துபவர் ‘கணக்கு’ வாத்தியார். மண்டியில் வரவு செலவு எழுதுபவர் ‘கணக்கு’ப்பிள்ளை. இரண்டுக்கும் ஒரே வார்த்தை! காரிநாயனார் எழுதிய ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய நூலைப் புரட்டிப் பாருங்கள். பொன் நிறுப்பது, நெல் அளப்பது, நிலம் அளப்பது, பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்வது... எல்லாம் ஒரே நூலுக்குள் வரும். இதில் எது காமர்ஸ், எது சயின்ஸ்?

இன்றைக்கோ, பத்தாவது முடித்த பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி - ‘ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸ் குரூப்பா?’ ‘எனக்கு ரெண்டுமே பிடிக்குமே’ என்று அது இழுத்தால், ‘ஒழுங்கா ஒண்ணைச் சொல்லு’ என்று அதட்டுகிறோம். பதினைந்து வயதில் ஒரு கதவைச் சாத்திவிடுகிறோம். யார் எழுப்பிய சுவர் இது? தெரிந்துகொள்ள, கொஞ்சம் இத்தாலி வரை போய்வர வேண்டும்.

பைசா நகரத்து ஃபிபொனாச்சியின் அப்பா, வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் வணிகர்களுக்கான சுங்க அதிகாரி. அங்கேதான் பையன் நம் இந்திய எண்களைக் கற்றுக்கொண்டான். 1202-ல் அவர் எழுதிய ‘லிபர் அபாசி’யில், முயல் குட்டி போடும் புகழ்பெற்ற புதிரும் இருக்கிறது; நாணய மாற்று, லாபப் பங்கீடு, சரக்கு விலை என்று வியாபாரிகளின் அன்றாடத் தலைவலிகளும் இருக்கின்றன. 1494-ல் வெனிஸில் லூக்கா பசியோலி வெளியிட்டது தடிமனான கணித நூல். அதன் ஒரு பகுதியில்தான், வெனிஸ் வியாபாரிகள் கையாண்ட பற்று - வரவு முறை அச்சேறியது. நம் பி.காம். மாணவர்கள் முதல் வருஷம் முட்டி மோதும் அதே ‘டபுள் என்ட்ரி’! பசியோலி வியாபாரி இல்லை. ஃபிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். அவருடைய இன்னொரு நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் யார் தெரியுமோ? லியொனார்டோ டாவின்சி!

அதுவரை ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்தான் இரண்டும். பிரித்ததில் பழைய பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கிரேக்கம், லத்தீன், கணிதத்துக்குத்தான் ராஜமரியாதை. இயற்கை அறிவியலுக்கே 1848-ல்தான் கேம்பிரிட்ஜ் தனித் தேர்வு ஒன்றை ஏற்படுத்தியது. வணிகமா? அது கடையில் உட்கார்ந்து, எடுபிடி வேலை பார்த்துக் கற்கவேண்டிய சமாசாரம்!

கதவைத் தட்டியது தொழில் நகரமான பர்மிங்ஹாம். பேனா நிப் செய்து பணக்காரரான ஜோசையா மேசன் என்பவர் - சிறு வயதில் தெருவில் கேக் விற்றவர் - அங்கே ஓர் அறிவியல் கல்லூரி கட்டி 1880-ல் திறந்தார். அதிலிருந்து 1900-ல் பிறந்தது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம். முதல் வேந்தர் ஜோசஃப் சேம்பர்லின், திருகாணித் தொழிலில் சம்பாதித்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். பிரிட்டனின் முதல் வணிகவியல் புலம் அங்கேதான் தொடங்கியது. ஹார்வர்டிலிருந்து வில்லியம் ஆஷ்லியை வரவழைத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். பிரிந்த பிள்ளைகள் மறுபடி ஒரே கூரைக்குக் கீழே வந்தாயிற்று. ஆனால் தனித்தனி அறையில்!

இரண்டும் தெரிந்த ஆள் இருந்தால் என்ன லாபம்? இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்த வில்லியம் காஸெட், 1899-ல் டப்ளினிலுள்ள கின்னஸ் மதுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பார்லியையும் ஹாப்ஸையும் ஆயிரம் முறை சோதித்துக்கொண்டிருந்தால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமா? நாலைந்து சோதனையை வைத்துக்கொண்டு நம்பகமான முடிவு சொல்லவேண்டும். அதற்கு அவர் கண்ட வழி 1908-ல் வெளியானது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி அனுமதிக்காததால், ‘ஸ்டூடன்ட்’ என்று புனைபெயர்! இன்று அந்த ‘டி டெஸ்ட்’ பி.காம். வகுப்பிலும் வருகிறது, பி.எஸ்ஸி. வகுப்பிலும் வருகிறது.

இன்னொருவர் நம்மூர். 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கணிதத்தில் புலி, மற்ற பாடங்களில் தவறி, கல்லூரிப் படிப்பைக் கோட்டைவிட்டவர். சாதாரண அதிகாரியாக இருந்தால், ‘லெட்ஜரை ஒழுங்கா எழுதுப்பா’ என்று சொல்லியிருப்பார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ்.நாராயண ஐயர் ஏற்கெனவே கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். மாலை வேளைகளில் அந்த இளைஞரோடு சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார். மறு ஆண்டு ஜனவரியில் குமாஸ்தாவின் கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் கைக்குப் போனது. ஆமாம்... ராமானுஜன்தான்! வரவு செலவு பார்க்கிறவருக்குக் கணிதமும் தெரிந்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்.

இப்படி ஆட்கள் அமைவது அன்று அதிர்ஷ்டம். அதையே பாடத்திட்டமாக்கியவர்களில் ஆஸ்திரேலியர்கள் கெட்டிக்காரர்கள். மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பி.காம். மூன்று வருஷம், பி.எஸ்ஸி. மூன்று வருஷம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆறு வருஷமா? இல்லை, நாலுதான்! சூட்சுமம் எளியது. ஒவ்வொரு பட்டத்திலும் 24 பாடம். அதில் மூன்றில் ஒரு பங்கு, மாணவன் இஷ்டப்பட்டு எடுக்கும் விருப்பப் பாடம். அந்த இடத்தை இன்னொரு பட்டத்தின் பாடங்களால் நிரப்பிவிடுகிறார்கள். 48 பாடம் 32 ஆகிறது. புள்ளியியலும் நிதியும், உயிரியலும் கணக்கியலும் ஒரே தலைக்குள் சேர்கின்றன.

நம் நாட்டில்? ஒரே சமயத்தில் இரண்டு முழுநேரப் பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. வகுப்பு நேரம் மோதக்கூடாது. அல்லது ஒன்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். சந்தோஷம்! ஆனால் இங்கே எந்தப் பாடமும் கழிவதில்லை. 24-உம் 24-உம் 48 ஆகவே தலையில் ஏறுகிறது. அனுமதி வந்துவிட்டது, பாலம் இன்னும் வரவில்லை. இரண்டு துறைத் தலைவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து எதைக் கழிக்கலாம் என்று பேசினால்தான் அது வரும்.

அதுவரை சில ஜன்னல்கள் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் அறிவித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில், பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களும் தகுதிச் சுற்றில் தேறிச் சேரலாம். பகலில் பி.காம்., ராத்திரியில் அது. கஷ்டம்தான், சுமையை யோசித்துத்தான் இறங்கவேண்டும்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை ‘ரெண்டும் பிடிக்கும்’ என்று சொன்னால், உடனே அதட்டிவிடாதீர்கள். ‘ரெண்டையும் சேர்த்து என்ன பண்ணப்போறே?’ என்று கேளுங்கள். பதில் ஏதாவது வந்தால்... எந்த குரூப்பில் போட்டாலும், கணிதப் பாடத்தை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அறைக்கும் நடுவே இன்னமும் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான்.