வகுக்கும் எண்ணின் பிரமாணம்: இசட் போஸான் உற்பத்தியை அளந்த வரலாற்றிலிருந்து ஒரு வாதம்

துகள் மோதல்களில் கனமான போஸான்கள் எவ்வளவு அடிக்கடி பிறக்கின்றன என்று அறிய, பிறந்தவற்றை எண்ணினாற் போதும் என்றே மேலெழுந்தவாரியாகத் தோன்றும். 1983-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ, இசட் போஸான்கள் முதன்முதலாகப் பிரத்தியட்சமானபோது கிடைத்த சம்பவங்கள் மிகச் சிலவே. அன்று எண்ணிக்கையின் வறுமையே அளவின் வறுமையாக இருந்தது. பின்னர் 1989 முதல் 1995 வரை, அங்கேயே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள லெப் வளையத்தில் எலெக்ட்ரான்களையும் பாஸிட்ரான்களையும் மோதவிட்டு, நான்கு கருவிகள் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் இசட் சிதைவுகளைத் திரட்டியதும் அவ்வறுமை நீங்கிற்று. ஆனால் சந்தேகம் நீங்கவில்லை; வகுபடும் எண்ணை விட்டு வகுக்கும் எண்ணிற் போய்க் குடியேறிற்று.

சம்பவங்களின் தொகையிலிருந்து போலிகளைக் கழித்து, கருவியின் பார்வைக்குத் தப்பியவற்றை ஈடுசெய்து, எஞ்சுவதை லூமினாஸிட்டியால், அதாவது எதிரெதிர்க் கற்றைகள் எவ்வளவு செறிவாக ஒன்றை ஒன்று ஊடுருவின என்பதன் அளவால், வகுத்துப் பெறுவதே உற்பத்திக் குறுக்குவெட்டு. அச்செறிவை அறிய லெப்பில் கையாண்ட உபாயம், சித்தாந்தத்தால் விகிதம் முன்னரே நிச்சயிக்கப்பட்ட வேறொரு நிகழ்ச்சியை எண்ணுவது. எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் சற்றே திசை திரும்பிச் செல்லும் அந்தச் சிதறலை 1936-இல் கணித்து வெளியிட்டவர் ஹோமி பாபா. அவர் பெயராலேயே அது வழங்குகிறது. போஸான் என்ற பெயரில் சத்யேந்திரநாத் போஸும், அதை அளக்கும் படிக்கல்லில் பாபாவும் நிற்பதை நினைக்க மனம் நிறைகிறது.

கோணம் குறையக் குறைய இச்சிதறல் வெள்ளமாய்ப் பெருகுவதால், எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. லெப்பின் அந்நான்கு கருவிகளுள் ஒன்றான ஓபலில், மோதலிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளி, கற்றைக் குழாயைச் சுற்றி, சிலிக்கனும் டங்ஸ்டனும் மாறி மாறி அடுக்கிய வளையங்கள் இருபுறமும் இருந்தன. எண்ணத் தொடங்கும் உள்வட்டத்தின் ஆரம் சுமார் 25 மைக்ரோமீட்டர், தலைமயிரின் பருமனிற் பாதியளவே, பிசகினாலும் விடை ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகிவிடும்.

அவ்வளவு கருத்தாய் அளந்தும் ஒரு சூட்சுமம் தப்பிற்று. சிதறிய எலெக்ட்ரான், எதிரே வரும் பாஸிட்ரான் திரளின் ஊடாக வெளியேறுகையில், அத்திரளின் ஈர்ப்பால் அச்சை நோக்கி ஒரு சிறிது வளைகிறது. அதனால் விளிம்புக்குச் சற்று அப்பால் விழவேண்டிய சில, விளிம்புக்குள் நழுவி எண்ணப்படாமற் போயின. லூமினாஸிட்டி ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவாக மதிப்பிடப்பட்டது. குறைந்த எண்ணால் வகுக்கவே இசட் குறுக்குவெட்டு மிகுந்து நின்றது. நியூட்ரினோ வகைகள் கூடினால் அக்குறுக்குவெட்டு குறையும் ஆதலால், அதிலிருந்து அநுமானித்த அவ்வகைகளின் தொகையோ, 3-க்குக் குறைந்து 2.9840 ± 0.0082 என வந்தது. இப்பிசகு 2019-இல் வெளிப்பட்டுத் திருத்தப்பட, பாபா சிதறலின் கணிப்பும் உடன் செம்மைப்பட, விடை 2.9963 ± 0.0074 ஆயிற்று. புதிதாக ஓர் இசட்கூட எண்ணப்படவில்லை.

விகிதங்களை அளந்தால் லூமினாஸிட்டி அடிபட்டுப் போகுமே என்பர் சிலர். மெய்தான். லெப் இருந்த அதே சுரங்கத்தில் இயங்கும் எல்.எச்.சி.யில் 2010-இல் திரட்டிய தரவுகளைக் கொண்டு சி.எம்.எஸ். குழுவினர், ஒரு வகை லெப்டானாகச் சிதையும் டபிள்யூ உற்பத்தியை 10.3 நானோபார்ன் என்று அளந்தபோது, எண்ணிக்கையால் வந்த பிழை 0.02, லூமினாஸிட்டியால் வந்த பிழை 0.41; டபிள்யூவுக்கும் இசட்டுக்கும் உள்ள விகிதத்தில் இப்பெரும்பிழை மறைந்துவிட்டது. எனினும் விகிதம், ஒன்று மற்றதைப் போல் எத்தனை மடங்கு என்றுதான் சொல்லும். எத்தனை தடவை பிறந்தது என்ற மூலக் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. லெப்பின் பிசகை, இயந்திரம் 2000-இல் நிறுத்தப்பட்டுப் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரும் திருத்த முடிந்தது, உள்விளிம்புகளின் அளவும் கற்றைகளின் பருமனும் மறு கணிப்புக்குப் போதிய விவரத்துடன் பதிவாகியிருந்ததால்தான். ஆகவே உற்பத்தி அளவை வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையிலும், லூமினாஸிட்டியை அறிந்த விதத்தை வாலிற் சேர்க்கும் ஒரு சதவீதமாகச் சுருக்கிவிடாமல், போஸானை இனங்கண்ட விதத்துக்குத் தரும் அதே விரிவுடன் எழுதி வைக்க வேண்டும் என்பது என் துணிபு.