மருந்துச் சீட்டில் சாப்பாடு

மவுண்ட் பயூ. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உருவாக்கிய ஊர். 1960களில் சுற்றியிருந்த பருத்தித் தோட்டங்களில் இயந்திரங்கள் பெருக, கூலிவேலை போனது. பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள்.

வறுமை ஒழிப்புக்கென மத்திய அரசு கொடுத்த மானியத்தில், வைத்தியர்கள் ஜாக் கைகரும் கவுண்ட் கிப்சனும் 1967இல் அங்கே சுகாதார நிலையம் திறந்தார்கள். வந்த பிள்ளைகளிடம் கண்ட பெரிய நோய் மந்தபோசணை. வைத்தியர்கள் மருந்துச் சீட்டில் பால், இறைச்சி, மரக்கறி என்று எழுதினார்கள். கடைக்காரர்கள் சாமானைக் கொடுத்துவிட்டு பில்லை நிலையத்துக்கு அனுப்பினார்கள். மருந்துக்கான காசில் அது கட்டப்பட்டது. மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. மந்தபோசணைக்கு மருந்து சாப்பாடுதானே என்றார் கைகர்.

சீட்டோடு வேலை நிற்கவில்லை. ஜோன் ஹட்ச் என்ற சமூகப் பணியாளர் ஊர் மக்களைச் சங்கங்களாகத் திரட்டினார். அவர்களே கூட்டுறவுப் பண்ணை தொடங்கி மரக்கறி பயிரிட்டார்கள். கிணறுகளும் மலசலகூடங்களும் வந்தன.

இன்று அமெரிக்காவில் இத்தகைய நிலையங்கள் ஆயிரத்துக்கும் மேல். பொதுவாக அவற்றின் நிருவாக சபையில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒரு திட்டம் வந்தால் எவ்வளவு காசு என்று கேட்கிறோம். யாரிடம் கேட்டுச் செலவழிக்கிறார்கள் என்பதையும் கேட்போம்.