மெட்டும் கோட்டும்: தென்திருவிதாங்கூர் எல்லையிலிருந்து மின்கிட்டாரின் வரலாறு

மின்கிட்டாரின் வரலாறு பெரும்பாலும் இரண்டு அமெரிக்க வடிவங்களுக்கு இடையிலான போட்டியாகவே எழுதப்பட்டு வருகிறது. ஒருபுறம் கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் பால். மறுபுறம் ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர். ராக் இசைக் கலைஞர்கள் ஒரு பத்தாண்டில் ஒன்றையும் அடுத்த பத்தாண்டில் மற்றொன்றையும் நாடியதை வைத்தே காலப்பகுப்பும் செய்யப்படுகிறது. இவ்வரலாற்றைப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களின் செவியைக் கொண்டு வாசித்தால் இதைவிடப் பழைய ஒரு போட்டி புலப்படும். மெட்டுகள் பதித்த கழுத்தில் விரலால் அழுத்தி வாசிக்கும் கிட்டார் ஒன்று. தந்தியின்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிட்டார் மற்றொன்று. தென்னிந்திய வாசிப்பாளர்கள் இவ்விரண்டில் எதை ஏற்றார்கள், ஏற்றதை எவ்வாறு மாற்றினார்கள் என்பதைத் தீர்மானித்ததில் கமகம் என்னும் ஒரே கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு.

இடத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கியது. களியக்காவிளையை ஒட்டி வரையப்பட்ட அந்த எல்லைக்கோடு இரு மொழிகளும் கலந்து புழங்கிய ஊர்களின் நடுவே சென்றது. ஆயினும் ஓர் இசைப்பாதை அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரியை முன்னிட்டுப் பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரையில் ஓர் இரவும் தங்கல். களியக்காவிளையில் கேரள அரசின் வரவேற்பு. கைகளில் வீணை ஏந்திய தெய்வம் கடந்துசெல்லும் அந்தச் சாலையின்மேல்தான் பாறசாலை இருக்கிறது.

ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னொட்டாகக் கொண்ட இரு பாடகர்களை இப்பகுதி கர்நாடக இசைக்கு அளித்துள்ளது. ஒருவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன் (1939–2008). மற்றவர் பாறசாலை பி. பொன்னம்மாள் (1924–2021). நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாதென்ற நெடுங்கால மரபு 2006இல் தளர்ந்தபோது அங்கு முதலில் பாடியவர் பொன்னம்மாளே. இவ்விருவரும் வாய்ப்பாட்டுக்காரர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தென்னாட்டில் எந்தக் கருவியும் இறுதியில் வாய்ப்பாட்டின் அளவுகோலாலேயே மதிப்பிடப்படுகிறது என்பது தற்செயலன்று. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரல் எப்படி அசைந்தும் வழுக்கியும் செல்கிறதோ அப்படிச் செல்ல முடியாத கருவிக்குக் கச்சேரி மேடையில் இடம் கிடைப்பது அரிது.

அயல்நாட்டுக் கருவி ஒன்று இந்தத் தேர்வில் வென்றதற்கான தொடக்ககாலச் சான்றும் இதே அரசவையிலிருந்தே கிடைக்கிறது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளின் அவையில் வயலின் வாசித்தார். மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார் என்பது இசைவரலாற்றில் பரவலாகப் பதிவான செய்தி. வயலினில் மெட்டுகள் இல்லை. ஆகவே கமகம் அதற்கு இயல்பாக வந்தது. ஆர்மோனியத்தின் விதி இதற்கு நேர்மாறானது. கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரநிலைகளைத் தொட அதனால் இயலாது என்பதே அதன்மீது வைக்கப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. கிட்டார் தென்னாட்டுக்கு வந்தபோது வயலினுக்கும் ஆர்மோனியத்துக்கும் இடைப்பட்ட ஒரு தகுதியையே கொண்டிருந்தது. அதற்கு மெட்டுகள் உண்டு; ஆனால் தந்தியை இழுக்கலாம், வழுக்கலாம்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை உண்டு. வணிகநோக்கில் உற்பத்தியாகி வெற்றிபெற்ற முதல் மின்கிட்டார், மெட்டில் விரல் வைத்து வாசிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. 1932இல் விற்பனைக்கு வந்த, 'வறுசட்டி' என்ற பொருள்படும் பட்டப்பெயர் பெற்ற ரிக்கன்பேக்கர் கருவி, மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிட்டாராகும். அன்றைய அமெரிக்காவில் ஹவாயன் இசைக்கு இருந்த மோகமே அதற்குக் காரணம். மெட்டு வகைக்கு, அதாவது ஸ்பானிய வகைக்கு, மின்னொலியில் தனி மதிப்பு வரக் கிப்சனின் இ.எஸ்.-150 (1936) தேவைப்பட்டது. 1939 முதல் சார்லி கிறிஸ்டியன் அதை ஜாஸ் மேடைகளில் தனிவாசிப்புக்குப் பயன்படுத்தியதும் தேவைப்பட்டது. ஆக, மின்கிட்டார் வழுக்கு வகையில் பிறந்து மெட்டு வகைக்கு மாறியது.

இந்தியாவிலும் முதலில் வேரூன்றியது வழுக்கு வகையே. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் வீட்டுக்கருவியாயிற்று. இந்தித் திரையுலகில் வான் ஷிப்லி மின்ஹவாயன் கிட்டாரால் புகழ்பெற்றார். பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி இசைக்கு உரியதாக்கினார். 1967இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டு அதை நாடெங்கும் கொண்டுசென்றது. பின்னர் விஸ்வ மோகன் பட் அதனை மோகன வீணையாக மாற்றி வடிவமைத்தார். ரை கூடருடன் அவர் பதிவுசெய்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. வடநாட்டின் விடை தெளிவானது: மீண்ட் வேண்டுமெனில் மெட்டைக் கைவிட்டு வழுக்கு.

தென்னாடு இதே விடையை ஏற்றிருக்கலாம். அதற்கான முன்மாதிரி வங்காளத்தைவிட இங்கேதான் வலுவாக இருந்தது. மெட்டில்லாத வீணையாகிய கோட்டுவாத்தியம், கருங்காலி முதலியவற்றால் ஆன கோட்டைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கப்படுவது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதற்குப் புத்துயிர் அளித்தார். அவர்வழி வந்த நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் அதைக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தினர். ஆனால் கர்நாடக இசையில் மின்கிட்டாரை ஏந்தியோருள் பெயர்பெற்றவர்கள் நாடியது மெட்டு வகையையே. இந்த முரண்பாடு விளக்கம் கோருகிறது.

விளக்கத்தின் ஒரு பகுதி கோட்டுவாத்தியத்திலேயே இருக்கிறது. வழுக்கிசைக்கான இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஹவாயன் கிட்டார் அங்கு வந்தால் அதன் இரண்டாம் பிரதியாகவே நின்றிருக்கும். மற்றொரு பகுதி வீணையில் இருக்கிறது. சரஸ்வதி வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டுள்ளன. மெட்டு இருந்தும் கமகம் பிறப்பது தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதால். ஒரே மெட்டில் நின்று, தந்தியை இழுத்து, மூன்று நான்கு அரைச்சுரங்கள் மேலே செல்லும் பழக்கம் வீணை வாசிப்பில் இயல்பானது. எனவே 'மெட்டு இருந்தால் கமகம் இல்லை' என்ற வாதம் தென்னாட்டுச் செவிக்கு எடுபடவில்லை. கிட்டாரை வீணையின் உறவாகக் காண்பது இங்கு எளிதாயிற்று.

மூன்றாம் காரணம் சமூகம் சார்ந்தது. எல்லை ஊர்களில் அது தெளிவாகத் தெரியும். இலண்டன் மிஷன் சங்கம் தென்திருவிதாங்கூரில் பரவியபோது கூட்டுப்பாடலும் மேற்கத்திய சுரஒத்திசைவும் உடன் வந்தன. அதேவேளை, நெய்யாற்றின்கரை வட்டத்துத் திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் (1847–1916) போன்றோர் கீர்த்தனை வடிவில் கிறித்தவப் பாடல்களை இயற்றினர். ஒரே ஆலயத்தில் கீர்த்தனையும் கூட்டுப்பாடலும் ஒலித்த சூழல் அது. பாடகர்குழுவுக்குத் துணைசெய்ய கார்டு எனப்படும் சுரக்கூட்டு தேவை; மடியில் கிடத்திய வழுக்குக் கிட்டாரில் எஃகுத் துண்டு நேர்கோடாகவே தந்திகளை அழுத்துவதால் விரும்பிய சுரக்கூட்டுகள் அனைத்தையும் எழுப்ப இயலாது. கோயில் திருவிழாக்களின் கானமேளா மேடையிலும் இதே தேவைதான். தமிழ்ப் பாடலும் மலையாளப் பாடலும் அடுத்தடுத்து ஒலிக்கும் அம்மேடையில் லீட் கிட்டார், பேஸ் கிட்டார் என்ற இணை நிலைபெற்றது. 1976இல் 'அன்னக்கிளி'யுடன் திரைக்கு வந்த இளையராஜா தாமே கிட்டார் பயின்றவர். அவருடைய இசைக்குழுவில் சதானந்தம் போன்றோர் வாசித்த கிட்டார் பகுதிகளை அப்படியே எடுத்துவாசிக்கும் திறனே ஒரு மேடைக் கலைஞனின் தேர்வாயிற்று. அந்தத் தேர்வுக்கு ஸ்பானிய வகை இன்றியமையாதது.

மெட்டு வகை வென்றபின் அதற்குள்ளேயே விருப்பங்கள் மாறத் தொடங்கின. 1970களின் நடுவில் சக்தி இசைக்குழுவை அமைத்த ஜான் மெக்லாலின், அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கழுத்தும் துணைத்தந்திகளும் கொண்ட ஒலிப்பெட்டிக் கிட்டாரை அவர் செய்வித்துக்கொண்டார். விரல்நுனி மரத்தில் உராயாமல் தந்தியை மட்டும் பற்றி இழுக்க உதவும் அந்த அமைப்பு வீணையிலிருந்து கற்ற பாடம். 1978இல் மேடையேறி 1980களில் உலகப்புகழ் பெற்ற பாலக்கொல்லு உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மேண்டலினில் வேறுவழி கண்டார். இரட்டைத் தந்திகளைச் சேர்த்து இழுப்பது கடினம். அவர் ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்மேண்டலினுக்கு மாறினார். அதே 1980களில் சுகுமார் பிரசாத் மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசித்துப் பதிவுகள் வெளியிட்டார். அவருக்குப்பின் ஆர். பிரசன்னா அதை முழுக்கச்சேரிக் கருவியாக வளர்த்தார்.

இக்கலைஞர்களின் தேவைகளை வைத்துப் பார்த்தால் ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால் போட்டிக்கும் புதிய பொருள் கிடைக்கிறது. ஃபெண்டரின் தந்திநீளம் ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். கிப்சனின் அளவு ஏறத்தாழ 628. நீளம் குறைந்தால் அதே தந்தி, அதே சுருதியில் இழுவிசை குறையும், இழுப்பது எளிதாகும். பழைய ஃபெண்டர் கழுத்தின் மேற்பரப்பு அதிகம் வளைந்தது. மேல்மெட்டுகளில் தந்தியை வெகுதூரம் இழுக்கும்போது அது அடுத்த மெட்டுகளில் உரசி ஒலி அடைபடும். ராக் கலைஞனுக்கு அது ஒரு சிறு இடையூறு. தோடியின் காந்தாரத்தை அசைக்க முனைபவனுக்கோ அது ராகத்தையே கெடுக்கும் குறை. தட்டையான கழுத்து, மெல்லிய தந்தி, உயரமான மெட்டு என்பவை 1980களுக்குப்பின் உலகெங்கும் வேகவாசிப்புக்காகப் பரவின. தென்னாட்டிலோ அவை வீணை இழுப்புக்கும் பயன்பட்டன. மின்பெருக்கியின் உதவி தனியானது: மீட்டிய ஒலி விரைவில் தேய்வதே தந்திக்கருவியின் பழைய குறை. மின்கிட்டாரில் ஒலி நீடிக்கிறது. ஒரே மீட்டில் நீண்ட சங்கதியை இழுத்துமுடிக்க நேரம் கிடைக்கிறது.

விருப்பத்துக்குப் பொருளாதார எல்லையும் இருந்தது. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுக் கிட்டார் அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்தது. கல்கத்தாவில் தயாரான கிவ்சன் போன்ற கருவிகளே பலருக்கும் எட்டின. எது பிடிக்கும் என்ற கேள்விக்கு முன் எது கிடைக்கும் என்ற கேள்வி நின்றது. தாராளமயத்துக்குப்பின் ஜப்பானிய நிறுவனங்களின் கருவிகள் எளிதில் கிடைத்தபோதுதான் விருப்பம் என்ற சொல் முழுப்பொருள் பெற்றது. கேரளத்தின் ராக் இசை தனிக்குரல் பெற்றதும் அதன்பின்னரே. கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் கனத்த ராக் ஒலிக்குள் கர்நாடக அசைவுகளைக் கொண்டுவந்தார். அக்குழுவின் 'மக்தூப்' 2008இல் வெளியானது. அதே ஆண்டில் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட திருவனந்தபுரத்து அவியல் குழு, ரெக்ஸ் விஜயனின் கிட்டாரைக்கொண்டு வேறு திசையில் சென்றது. ராக நுணுக்கத்தைவிட மலையாள நாட்டுப்பாடலின் தாளக்கட்டே அதன் அடித்தளம்.

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது ஒன்று உறுதியாகிறது. 'இந்தக் கருவியால் இயலாது' என்னும் தீர்ப்பு பெரும்பாலும் கருவியை முழுமையாகச் சோதிக்கும் முன்பே வழங்கப்பட்டுவிடுகிறது. மெட்டு வகைக் கிட்டாரால் கமகம் இயலாது என்றனர். வீணையின் இழுப்பு அதைப் பொய்யாக்கியது. இதையும் நவராத்திரி மண்டபத்தின் 2006ஆம் ஆண்டு நிகழ்வையும் ஒன்றெனக் கொள்வது பிழை. பொன்னம்மாளின் இசைத்தகுதியில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அங்கு தடுத்தது வழக்கம். கருவியைத் தடுத்தவர்களோ இசைக்காரணம் ஒன்றையாவது சொன்னார்கள். காரணம் சொல்லப்பட்டால் அதற்குக் கலைஞன் தன் விரலால் விடையளிக்க முடியும். வழக்கத்துக்கு அவ்வாறு விடையளிக்க முடியாது, காத்திருக்கத்தான் முடியும். இசையில் விலக்கலின் வரலாற்றை ஆராயும் மாணவர் இந்த இரு வகைகளையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மின்கிட்டாரின் வடிவ விருப்பங்களை வெறும் நாகரிகமாகவோ நிறுவனங்களின் விற்பனைக் கதையாகவோ படிப்பதில் உள்ள குறையும் இதுவே. கழுத்தின் வளைவு, தந்தியின் பருமன், மெட்டின் உயரம் என ஒவ்வொரு தேர்விலும் ஒரு சமூகத்தின் செவி பதிந்திருக்கிறது. வீணைத் தெய்வம் ஆண்டுதோறும் கடந்துசெல்லும் சாலையோரத்தில், ஆலயக் கூட்டுப்பாடலையும் கானமேளாவையும் கச்சேரியையும் சேர்த்தே கேட்டு வளர்ந்த ஊர்களில், அந்தச் செவி ஒற்றை மரபுக்கு உரியதாக என்றும் இருந்ததில்லை.